ஓஸ் நாட்டு வண்ணங்களும் நான் கற்ற வரலாற்றுப் பாடமும்



யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலம். தேர்வு முடிந்த ஓய்வு நாள்களில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டோரத்தி அணிந்தவை வெள்ளிக் காலணிகள் என்றதும், "இல்லை டீச்சர், சிவப்பு! நான் படத்தில் பார்த்தேன்" என்றாள் ஒரு மாணவி.

இருவர் சொன்னதும் சரியே. எல். பிராங்க் பாம் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவை வெள்ளிக் காலணிகள். 1939-இல் வந்த திரைப்படத்தில், டெக்னிகலர் வண்ணத்தில் எடுப்பாகத் தெரியும்பொருட்டு அவை மாணிக்கச் சிவப்பாயின.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கோ படித்ததை வைத்து, "வெள்ளிக்கு வேறு பொருளும் உண்டு" என்று தொடங்கினேன். 1890-களில் அமெரிக்க உழவர்கள் கடனில் தவித்தனர். பொன்னை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட நாணய முறையால் பணப்புழக்கம் சுருங்கி, விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. வெள்ளியையும் தடையின்றி நாணயமாக்க வேண்டுமென அவர்கள் போராடினர். அக்கோரிக்கையை முன்வைத்து 1896-இல் அதிபர் தேர்தலில் நின்ற பிரையன், மக்கின்லியிடம் தோற்றார். ஆகவே, மஞ்சள் செங்கல் பாதை பொன், காலணி வெள்ளி, வைக்கோல் மனிதன் உழவன், தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. மாணவர்கள் வியந்து கேட்டனர். எனக்கும் பெருமையாக இருந்தது.

பின்னர்தான் முழு வரலாற்றையும் தேடிப் படித்தேன். இவ்விளக்கத்தைப் பரவச் செய்தவர் ஹென்றி லிட்டில்ஃபீல்ட். அவரும் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரே! நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்தவர். அக்காலத்தை மாணவர் மனத்தில் பதியவைக்க இக்கதையைப் பயன்படுத்தி, 1964-இல் அதைக் கட்டுரையாக்கினார். பாமோ 1896-இல் மக்கின்லியை ஆதரித்துக் கவிதை எழுதியவர். சிறுவரை மகிழ்விக்கவே எழுதியதாகத் தம் முன்னுரையிலும் கூறியுள்ளார். பாம் உழவர் இயக்கத்தின் ஆதரவாளர் என்பதற்குச் சான்றில்லை என 1992-இல் லிட்டில்ஃபீல்டே ஒப்புக்கொண்டார்.

அப்படியாயின் நூலில் வண்ணங்களுக்குப் பொருளே இல்லையா? உண்டு. அவற்றை நூலுக்குள்ளேயே காணலாம். கான்சாஸில் நிலம், வீடு, அத்தையின் கண்கள் யாவும் சாம்பல் நிறம். வறட்சி வாட்டிய டகோட்டா நிலத்தில் பாம் 1888 முதல் 1891 வரை வாழ்ந்தவர். ஓஸில் கிழக்கு நீலம், மேற்கு மஞ்சள், தெற்கு சிவப்பு. வண்ணமே அங்குத் திசைகாட்டி. கதை நகரும் நாட்டிற்கேற்ப டென்ஸ்லோவின் படங்களும் முதற்பதிப்பில் நிறம் மாறின. டோரத்தியின் கட்டம் போட்ட உடையில் தங்கள் நீலமும் சூனியக்காரியரின் வெள்ளையும் இருப்பதைக் கண்டே, மஞ்ச்கின் மக்கள் அவளை நட்புடையவளாகக் கருதுகின்றனர்.

மரகத நகரில் அனைவரும் பச்சைக் கண்ணாடி அணிந்து, அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அங்குத் தந்த பச்சைப் பட்டுடை, நகரை நீங்கிக் கண்ணாடியைக் கழற்றியபின் வெள்ளையாகத் தெரிகிறது. நகரம் மற்ற நகரங்களைவிடப் பச்சையன்று எனப் பின்னர் மந்திரவாதியே ஒப்புக்கொள்கிறான்.

இப்பகுதியை மீண்டும் படித்தபோது சற்றே வெட்கினேன். அன்று என் மாணவர்களுக்கு நான் மாட்டிவிட்டதும் ஒரு கண்ணாடிதானே? கழற்றிவிட நினைத்தபோது அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டனர்.

இப்போதும் இக்கதையைச் சொல்கிறேன். லிட்டில்ஃபீல்டின் விளக்கத்தையும் சொல்கிறேன். ஆனால், "இது ஒருவர் கண்ட பொருள், ஆசிரியர் வைத்த பொருளென்று சான்றில்லை" என்று சேர்த்தே சொல்கிறேன். தம் புகழ்பெற்ற விளக்கத்தைத் தாமே திருத்திக்கொண்ட அந்த ஆசிரியரிடம் நான் கற்ற பாடம் அது.