காலண்டரில் வெட்டுப்பட்ட ஓரம்

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பூஜை ரூமில் இருந்த லட்சுமி படத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பின்பக்க அட்டையைக் கரையான் பாதி தின்றிருந்தது. பாட்டி காலத்துப் படம், அதனால் தூக்கிப் போட மனசு வரவில்லை. லாங் பஜார் மணிக்கூண்டு பக்கம் பிரேம் போடும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, அது காலண்டர். படத்தின் கீழே தேதித்தாள் கட்டு தைத்திருந்த பின் துளைகள் இரண்டு இருந்தன. அதற்கும் கீழே சிவப்பு எழுத்துகளின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. ஏதோ ஒரு கடையின் பெயர். யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறார்கள். வலது மூலையில், பிரேம் சட்டத்துக்கு அடியில் இத்தனை வருஷம் மறைந்து கிடந்த சின்ன ஆங்கிலக் கையெழுத்து: சி. கொண்டையா ராஜு. பக்கத்தில் 'அண்ட்' என்பதற்கான குறி. அதற்கு அப்புறம் காகிதம் இல்லை. இரண்டாவது பெயர் வெட்டில் போய்விட்டது.

"எல்லாரும் இப்படித்தான் சார் வெட்டிக் கொண்டு வருவாங்க. சாமி படத்துல கடை பேரு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் கடைக்காரர்.

நியாயம்தான். ஆனால் அந்த இரண்டாவது பெயர் என்னை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

சாமி படம் அச்சில் வீட்டுக்குள் வந்த கதையை ரவி வர்மாவிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1894-இல் பம்பாய் பக்கம் அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் தொழில்நுட்பர்கள், கல் அச்சு, ஒரு நிறத்துக்கு ஒரு கல். அச்சகம் பிறகு லோனாவாலா அருகே மளவ்லிக்குப் போனது, ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கும் மாறியது. அந்தப் படங்களில் ரவி வர்மாவின் பெயர்தான் சரக்கு. பெயருக்காகவே வாங்கினார்கள்.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி போனது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அதற்காக வளர்ந்த அச்சுத்தொழில்தான் பிறகு காலண்டருக்கு வந்தது. அதாவது சிவகாசிக்குப் படம் என்பது முதலிலிருந்தே இன்னொருவர் சரக்கின் மேல் ஒட்டுகிற பொருள்.

அந்த அச்சகங்களுக்குச் சாமி படம் வரைந்து கொடுத்தவர்களில் பெரிய பெயர் கொண்டையா ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். நம்ம ஊரிலிருந்து ரெண்டு மணி நேர பஸ் தூரம்தான். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போனார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கே சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்தினார். சிவகாசி பக்கத்தூர்தானே, வேலை தேடி வந்தது.

அவர் லட்சுமியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. முகமும் கையும் ரவி வர்மா பாணியில் உருண்டு திரண்டு நிழலோடு இருக்கும். ஆனால் உருவம் தஞ்சாவூர் படம் மாதிரி நேர் எதிரே நின்று நம்மையே பார்க்கும். பின்னணியில் தாமரைக் குளம், யானைகள், வானம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டிய நாடகத் திரையின் பளிச் நிறங்கள். பூஜை ரூமில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க இதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கிறது?

ஸ்டுடியோவில் குருவும் சீடர்களும் சேர்ந்தே வேலை செய்தார்கள். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், செண்பகராமன் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். 'கொண்டையா ராஜு அண்ட் சுப்பையா' என்று இரட்டைக் கையெழுத்தோடு வந்த படங்கள் நிறைய உண்டு. பாட்டி படத்தில் வெட்டுப்பட்டது சுப்பையாவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, இந்தப் படம் லாங் பஜாருக்கு எப்படி வந்தது? ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். இப்பவும் வருஷா வருஷம் பேப்பரில் செய்தி வருகிறது. ஏஜென்ட்டுகள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மளிகை மண்டிக்காரர் லட்சுமியைத் தேர்ந்தெடுப்பார். ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் வியாபாரி மக்கா மதீனா படத்தைத் தேர்ந்தெடுப்பார். அதே ஆல்பத்தில் இயேசுவும் உண்டு. படம் எதுவானாலும் கீழே ஒரு வெள்ளைப் பட்டை காலியாக இருக்கும். அதில் கடை பெயரை அடித்து அனுப்புவார்கள். எங்க தொழிலில் ஒரே மென்பொருளைச் செய்து, வாங்குகிற கம்பெனியின் பெயரை ஒட்டி விற்பதை 'ஒயிட் லேபிள்' என்போம். சிவகாசி அதைக் காகிதத்தில் எப்பவோ செய்துவிட்டது.

டிசம்பர் கடைசியில் "காலண்டர் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு பஜாரில் அப்பாவோடு நடந்தது நினைவிருக்கிறது. மொத்தமாக வாங்குகிறவருக்குப் பெரிய சைஸ், சில்லறை ஆளுக்குச் சின்னது. ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டித் தருவார்கள். வருஷம் முழுக்கக் கடை பெயர் நம்ம சுவரில் தொங்கும். வருஷம் முடிந்ததும் படம் நன்றாக இருந்தால் கத்தரிக்கோல் வரும். முதலில் கடை பெயர் போகும். பிரேம் போடும்போது ஓரத்தில் இருக்கிற ஓவியர் பெயரும் போகும். அதற்கப்புறம்தான் அது சாமி. பாட்டி தினமும் பூ வைத்தது அந்த வெட்டுக்குப் பிறகுதான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். ஆனால் 57-வது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. இந்தப் பிரிவை வைத்துத்தான் சிற்பி அமர்நாத் சேகல், விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பிய்த்தெடுத்த மத்திய அரசு மீது வழக்குப் போட்டு 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். காசு ஒருத்தருக்கு, பேர் இன்னொருத்தருக்கு என்று சட்டம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. காலண்டர் ஓவியர்கள் அந்தப் பேரை எட்டுப் புள்ளி அளவில் ஓரத்தில் எழுதினார்கள். நாம் அதையும் வெட்டினோம்.

பிரேம் கடைச் சுவரில் இந்த வருஷக் காலண்டர் ஒன்று தொங்கியது. முருகன். பட்டு வேட்டி பளபளக்கிறது, மயில் தோகை அபாரம். வேலைப் பிடித்த கையை எண்ணிப் பார்த்தேன், ஆறு விரல். நான் பிழைப்புக்கு எழுதுகிற நிரல்களின் பங்காளி ஒன்றுதான் அதை வரைந்திருக்க வேண்டும். மூலையில் தேடினேன். கையெழுத்து கிடையாது, வெட்டிய தடமும் கிடையாது. அந்த இயந்திரம் பழகியது யார் யார் படங்களைப் பார்த்து? அந்த மயிலில் கோவில்பட்டிக்காரர் ஒருவரின் தூரிகையும் எங்கேயோ இருக்கலாம். அது தெரிந்தால்தானே 57-வது பிரிவை வைத்து யாராவது கேட்க முடியும்?

கடைக்காரர் புதுச் சட்டத்தை அளந்துகொண்டு, "ஓரத்தைக் கொஞ்சம் ட்ரிம் பண்ணிடவா? சைஸ் சரியா வரும்" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். சட்டத்துக்கு உள்ளே அரை அங்குலம் மவுண்ட் அட்டை வைத்து, அந்தப் பாதிக் கையெழுத்து வெளியே தெரிகிற மாதிரி போடச் சொன்னேன். நூற்றியிருபது ரூபாய் கூடுதல். இப்போது பூஜை ரூமில் கொண்டையா ராஜுவின் பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு 'அண்ட்' இருக்கிறது. அம்மாவுக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான். "யாருடா அது?" என்று கேட்டார்கள். உட்கார வைத்துச் சொன்னேன்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். அடுத்த தடவை கண்ணாடி மாற்றும்போது ஓரத்தைப் பாருங்க.