அலிப்பூர் வழக்கில் இரு உரைகள்

ஹெப்பகோடித் தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம்மவர், சாட்சியாகவோ வழக்காளியாகவோ நீதிமன்றம் ஏற நேர்ந்தால், அங்கே வழங்கும் மொழி வேறாயிற்றே என்று கலங்குவது இயல்பே. வேற்று மொழியில் நடந்த ஒரு வழக்கில் ஓர் உறவுச் சொல் எத்துணை வலிமை பெற்றது என்பதை அவர்கள் அறிதல் நன்று.

1908 அக்டோபரில், கல்கத்தாவின் அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்தில், நீதிபதி பீச்கிராஃப்ட் முன்னிலையில் வெடிகுண்டு வழக்கு தொடங்கிற்று. அரசாங்கத் தரப்பில் நின்றவர் எர்ட்லி நார்ட்டன். சென்னையில் நெடுங்காலம் புகழோடு விளங்கிய பாரிஸ்டர். தொடக்கவுரை என்பது வாதமன்று. இன்ன குற்றத்தை இன்ன சான்றுகளால் மெய்ப்பிப்போம் என்று கொடுக்கும் வாக்கு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் செஷன்ஸ் வழக்கில் அரசு வழக்கறிஞரிடம் இதனையே கேட்கிறது. நார்ட்டனோ, அரவிந்தரைத் தலைவராக்கிச் சதிக் கதையை நாடகம் போல் விரித்தார். அவரை ஷேக்ஸ்பியருக்கு ஒப்பிட்டு, அரவிந்தரே தமது சிறை நினைவுகளில் எள்ளி நகையாடியிருக்கிறார். கதை அழகுதான், ஆனால் சொன்னதையெல்லாம் மெய்ப்பித்தாக வேண்டுமே!

எதிரித் தரப்பில் பணம் வறண்டபின் பொறுப்பேற்ற சித்தரஞ்சன் தாஸ், ஏனைய வழக்குகளை ஒதுக்கிவிட்டு மாதக்கணக்கில் இதிலேயே ஆழ்ந்தார். 200-க்கு மேற்பட்ட சாட்சிகளின் மொழிகளையும் குவிந்த ஆவணங்களையும் ஒப்புநோக்கினார். ஒரு வாரத்திற்கு மேல் நீண்ட அவரது தொகுப்புரையில், உலகம் இன்றும் போற்றுவது இறுதிப் பகுதியின் உணர்ச்சிப் பெருக்கையே. நமக்கோ, ஒரு சிறு கடிதத்தைப் பற்றிய வாதமே பெரிதாகத் தோன்றுகிறது.

அரவிந்தருக்குத் தம்பி பாரீந்திரர் எழுதியதாக அரசாங்கம் காட்டிய ஆங்கிலக் கடிதம் அது. இந்தியா முழுவதும் இனிப்புகள் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றது. இனிப்பென்றால் வெடிகுண்டு என்பது அரசாங்கத்தின் பொருள். தாஸ் அந்தப் பொருளை மறுப்பதோடு நிற்கவில்லை. விளிக்கும் முறையைப் பார்த்தார். ஆங்கிலேயரைப் போல் 'அன்புள்ள சகோதரரே' என்று தொடங்கி, முழுப் பெயரையும் ஒப்பமிட்டிருந்தது. வங்காளத்தில் மூன்றாம் தமையனை 'ஸேஜ்தா' என்றன்றோ அழைப்பர்! அண்ணனுக்கு எழுதும் தம்பி அந்நியனைப் போல் முழுப் பெயரிடுவானா? கடிதம் போலி என வாதிட்டார்.

நீதிபதி அக்கடிதத்தை ஐயத்திற்குரியதென்று ஒதுக்கினார். 1909 மே 6-ஆம் நாள் அரவிந்தர் விடுதலையானார். பாரீந்திரருக்கு விதித்த தூக்குத் தண்டனை மேல்முறையீட்டில் ஆயுட்காலத் தீவாந்தரமாகக் குறைந்தது. அண்ணன், 1910 ஏப்ரலில், நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.