முகத்தசைகள்

முகத்தசைகள் மண்டையோட்டுக்கும் முகத்தோலுக்கும் இடையே மெல்லிய பட்டைகளாகப் பரவியுள்ள தசைகள். கண் இமைப்பதும் உதடு குவிவதும் புருவம் நெரிவதும் புன்னகை மலர்வதும் இவற்றின் செயல்கள். உள்ளமைப்பில் இவை எலும்புத்தசைகளே. பொருந்தும் இடத்தால் கைகால் தசைகளிலிருந்து வேறுபடுகின்றன.

அமைப்பு

மனித உடலில் 600க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் உண்டு. உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு இவற்றுடையது. தசை என்பது தசையிழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் நுண்ணோக்கியில் குறுக்கு வரிகள் தெரிகின்றன. இவற்றுக்கு வரித்தசை என்ற பெயரும் அதனால் வந்தது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரந்ததும் தசையிழைக்குள் கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன. ஏடிபி என்னும் மூலக்கூறு தரும் ஆற்றலைக் கொண்டு மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. புரத இழைகள் நீளம் குறையாமல் ஒன்றையொன்று கடந்து சறுக்க, தசை சுருங்குகிறது.

கைகால் தசைகள் தசைநாண்களால் எலும்போடு இணைந்து மூட்டுகளை அசைக்கின்றன. முகத்தசைகளில் பெரும்பாலானவை ஒரு முனையில் எலும்பையும் மறுமுனையில் தோலையும் பற்றியிருக்கின்றன. எனவே அவை சுருங்கும்போது தோலே நகர்ந்து மடிகிறது.

செயல்

நெற்றித்தசை புருவத்தை உயர்த்துகிறது. கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தசை இமைகளை மூடிக் கண்ணீரை விழிமேல் பரப்புகிறது. வாயைச் சுற்றிய தசை உதடுகளைக் குவிக்கிறது. ப, ம போன்ற ஒலிகள் பிறக்க அது வேண்டும். கன்ன எலும்பிலிருந்து இறங்கும் தசை வாயோரத்தை மேலே இழுக்கிறது. கன்னத்துக்குள் இருக்கும் தசை, மெல்லும் உணவு பல்லுக்கு வெளியே ஒதுங்காமல் தடுக்கிறது.

இவை அனைத்தையும் இயக்குவது ஏழாம் மூளைநரம்பான முகநரம்பு. மெல்லும் தசைகளும் முகத்தில்தான் உள்ளன. ஆனால் அவை தாடை எலும்பை அசைப்பவை. ஐந்தாம் மூளைநரம்பான முக்கிளை நரம்பால் இயங்குபவை. கருவில் இவ்விரு தொகுதிகளும் வெவ்வேறு தொண்டை வளைவுகளிலிருந்து உருவாகின்றன.

ஆய்வு வரலாறு

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துத் தசைகளை விவரித்தார். மனித உடலை நேரில் அறுத்துக் கண்டவற்றை உடற்கூற்றியலாளர் வெசேலியஸ் 1543இல் படங்களுடன் வெளியிட்டார். அதற்கு முன்பே லியொனார்டோ டா வின்சி முகத்தசைகளை வரைந்திருந்தார். அவருடைய குறிப்புகள் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

முகநரம்பும் முக்கிளை நரம்பும் வெவ்வேறு பணி செய்பவை என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் 1821இல் எடுத்துக்காட்டினார். முகநரம்பு திடீரெனச் செயலிழக்கும் நோய் அவர் பெயராலேயே பெல் வாதம் எனப்படுகிறது. பிரான்சின் மருத்துவர் துசேன், முகத்தில் தொடுவுணர்வு குன்றிய முதியவர் ஒருவரின் தசைகளை மின்சாரத்தால் தனித்தனியே தூண்டி, உண்டான தோற்றங்களை ஒளிப்படமாக்கி 1862இல் வெளியிட்டார். மகிழ்ச்சியில் எழும் சிரிப்பில் வாயோரத் தசையோடு கண்வளையத் தசையும் சேர்ந்து சுருங்கும் என்பது அவர் கண்டது. சார்லஸ் டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872இல் எழுதிய நூலில் இந்தப் படங்களைப் பயன்படுத்தினார்.

தசை சுருங்கும் முறை 1954இல் தெளிவானது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே ஆகியோரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹேன்சன் ஆகியோரும் இரு குழுக்களாக ஆராய்ந்து சறுக்கும் இழைக் கோட்பாட்டை ஒரே சமயத்தில் முன்வைத்தனர். 1978இல் உளவியலாளர்கள் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் இருவரும் முக அசைவுகளைத் தசைச் செயல்களாகப் பிரித்துக் குறியிடும் முறையை வெளியிட்டனர். உளவியல் ஆய்விலும் கணினி அசைவூட்டத்திலும் அது இன்றும் பயன்படுகிறது.

மருத்துவப் பயன்

நெற்றித்தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. முகத்தின் கீழ்ப்பகுதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்தே வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பாதியில் பக்கவாதம் தாக்கினால் வாய் கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடிவது வழக்கம். பெல் வாதத்தில் பாதிப்புற்ற பக்கத்து நெற்றியும் அசையாது. வாய் கோணி வருபவரிடம் மருத்துவர் புருவத்தை உயர்த்திக் காட்டச் சொல்வது இவ்விரண்டையும் பிரித்தறிவதற்காகவே.