குவாரி மண்ணும் களை விதையும்: சேக்காட்டுச் சுற்றுவட்டாரத்தை முன்வைத்து

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே, ஏரிகள் சூழ்ந்த பகுதியில் இருக்கிறது சேக்காடு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பக்கத்து நெமிலிச்சேரி வழியாகப் போகிறது; பட்டாபிராமில் 2024இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இப்படி வளரும் புறநகருக்கு மனையை மேடாக்கவும் சாலைக்கு அடித்தளம் போடவும் ஓயாமல் மண் வேண்டியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட ஏரிகளிலிருந்து அது சவுடாக அள்ளப்படுகிறது. அள்ளிய இடத்தில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் ஏறுகின்றன. நீர் தேங்கிய பள்ளத்தை ஆகாயத்தாமரை மூடுகிறது. குவாரி மூடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று களையைத் தள்ளிவைக்கும் வழக்கம்தான் அதை நிலைக்கச் செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். முதல் லோடு வெளியேறும் முன்பே, உரிமத்தின் நிபந்தனையாகவே களைத் திட்டம் எழுதப்பட வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. ஆனால் சீராக இல்லை. 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் மேல்மண்ணைத் தனியே சேமித்து நிலச் சீரமைப்புக்குப் பயன்படுத்தச் சொல்கின்றன. சவுடு, கிராவல், கருங்கல் போன்ற சிறு கனிமங்களுக்கு அவ்விதிகள் பொருந்தா. அவை தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959இன் கீழ் வருகின்றன. அகழ்வு முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் வளரத் தக்கதாக அதை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8இல் உத்தரவிட்டது. களைத் திட்டத்துக்கு இதைவிட வலுவான அடிப்படை வேறில்லை. புல் பிடித்த தரையில் பார்த்தீனியம் எளிதில் காலூன்றுவதில்லை.

பார்த்தீனியத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் மழை விழுந்ததும் லாரித் தடத்தின் இரு ஓரங்களிலும் கேரட் இலை போன்ற இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் படிகின்றன. சில வாரங்களில் தண்டு எழுந்து வெள்ளைப் பூ வந்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 10,000க்கும் மேற்பட்ட விதைகளைக் கொட்டும். புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஜேசிபி வாளியின் பல்லிலும் டயர் பள்ளத்திலும் ஒட்டிய ஈரமண் கட்டியில் அவ்விதை அடுத்த ஊருக்குப் போகிறது. ஆகவே குவாரியில் முதலில் காக்க வேண்டியது வாசலை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களை பரவிய பகுதியிலிருந்து வரும் வண்டியைக் கழுவிச் சோதிப்பது நடைமுறையில் உள்ளது. நம் குவாரிகளில் நடைச்சீட்டைப் பார்க்கும் இடத்திலேயே சக்கரத்தைக் கழுவ ஒரு தொட்டி கட்டினால் போதும். 1980களில் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையைத் தின்று உதவும். டயரில் ஏறிய விதையை அது தடுக்காது.

சீமைக்கருவேலத்தின் சிக்கல் வேறு. 1870களில் விதை தருவித்து ஊன்றப்பட்ட மரம் இது. அமெரிக்காவின் அரிசோனாவில், திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றின் பக்கச்சுவரில் இதே பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1960களில் பதிவானது. ஆயினும் மரம் மீண்டும் தழைப்பது அந்த ஆழத்திலிருந்து அன்று. தரைமட்டத்தை ஒட்டிய தூரிலுள்ள மொட்டுகளிலிருந்துதான். அந்தத் தூர்ப்பகுதியை ஓர் அடி ஆழம் தோண்டி எடுத்தால் மரம் சாகும். விறகுக்காக வெட்டுபவர் அதை எடுப்பதில்லை, அவருக்கு எடைக்குத்தான் காசு. எனவே வெட்டுக் குத்தகையும் களை ஒழிப்பும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2017இல் நடந்த பெருவெட்டு, அதே ஆண்டில் சென்னை அமர்வு விதித்த இடைக்காலத் தடையால் நின்றது. பிறகு 2022இல் அயல் தாவரங்களுக்கான மாநிலக் கொள்கை வந்தது. அகற்றிய இடத்தில் உள்ளூர்த் தாவரங்களை மீட்பதையும் அது தன் நோக்கமாகக் கொண்டிருப்பது சரியான திருத்தம்.

வேறெதுவும் முளைக்காத சரிவை இம்மரம் பிடித்து நிற்கிறதே, ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். செங்குத்தான குவாரிச் சரிவில் ஒரே பருவத்தில் மரத்தையெல்லாம் பிடுங்கினால் வடகிழக்குப் பருவமழை கரையையே கொண்டுபோய்விடும். வரத்துக்கால்வாய், மதகு ஓரம், வண்டிப்பாதை ஆகியவற்றில் முதலில் கைவைக்க வேண்டும். அங்கிருந்துதான் விதை பரவுகிறது. சரிவில் வெட்டிவேரும் கொழுக்கட்டைப்புல்லும் வேர்பிடித்த பின்பே மரத்தை எடுக்கலாம். ஆடு, மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதால், நெற்று உதிரும் காலத்தில் மேய்ச்சலை வேறிடத்துக்கு மாற்ற மேய்ப்பவர்களோடு பேசியாக வேண்டும்.

களைக்கொல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலிருந்து 2017, 2019 வறட்சிகளில் நீரெடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினார்கள். இன்று வெறும் பள்ளமாகக் கிடப்பது நாளை குடிநீர்த் தேக்கமாகலாம். அதன் விளிம்பில் மருந்தடிப்பதை எளிய வழியாக எண்ணிவிடக் கூடாது. ஆகாயத்தாமரையைக்கூட வாரிக் கரையில் குவித்து விடாமல், நீர் திரும்ப எட்டாத இடத்தில் மக்கவைக்க வேண்டும்.

குவாரி அனுமதி கனிமவளத் துறையின் கையில் இருக்கிறது. ஏரி நீர்வளத் துறையினுடையது. அயல் தாவரக் கொள்கை வனத்துறையிலிருந்து வந்தது. குத்தகை முடிந்து லாரிகள் போன பின் முளைக்கும் பார்த்தீனியத்துக்கு இம்மூன்றில் எது பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. குத்தகைதாரரின் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை, அகழ்வு முடிந்து இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் கழியும்வரை நிறுத்திவைக்கலாம். இரண்டாவது மழைக்குப் பின் மூன்று துறையினரும் சேர்ந்து தரையைப் பார்த்து, பூத்த பார்த்தீனியமோ தளிர்த்த கருவேலத் தூரோ இல்லையென்று கையொப்பமிட்ட பிறகே அத்தொகையை விடுவிக்க வேண்டும்.