காது மெசின் வேலை செய்கிறது, ஆனால் காது கேட்கிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் ஊரில் காது மெசின் பாவிக்கும் பெரியவர்களிடம் "இத மாத்தலயா?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "இன்னும் வேல செய்யிதுதானே, என்னத்துக்கு மாத்துற?" தையல் மெசினுக்கு இந்தப் பதில் பொருந்தும். காது மெசினுக்குப் பொருந்தாது. ஏன் என்று விளங்க அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது ஊதுகுழல் போன்ற காதுக்குழாய். அகன்ற வாய் சத்தத்தைச் சேர்க்கும், ஒடுங்கிய முனை காதுக்குள் விடும். 1800களின் தொடக்கத்தில் லண்டனில் பிரெடரிக் ரெயின் என்பவர் இவற்றைச் செய்து விற்கும் தொழிலை நடத்தினார். இசைமேதை பீத்தோவனுக்கு அவருடைய நண்பர் மெல்செல் அதே காலத்தில் சில குழாய்களைச் செய்து கொடுத்தார். அவற்றை இன்றும் ஜெர்மனியின் பொன் நகரில் பார்க்கலாம். ஆனால் பீத்தோவனின் செவிப்புலன் தொடர்ந்து குறைந்துகொண்டே போனது. 1818 முதல் அவரைச் சந்திக்க வந்தவர்கள் சொல்ல வந்ததைக் கொப்பியில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. குழாய் உடையவில்லை. வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது. மாறியது காதுதான்.

எனது பார்வையில் இந்தச் சரித்திரம் முழுவதற்கும் இதுதான் சாரம். கருவி ஓரிடத்தில் நிற்கும், காது நகர்ந்துகொண்டே போகும்.

ஆங்கில எழுத்தாளர் ஹரியட் மார்ட்டினோ இளவயதிலேயே செவிப்புலனை இழந்து காதுக்குழாயுடன் வாழ்ந்தவர். தன்னைப் போன்றவர்களுக்கு 1834இல் அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள், உதவிக் கருவியைத் துணிந்து கையில் எடுங்கள் என்பதே அதன் கருத்து. கிட்டத்தட்ட 200 வருடங்கள் கழிந்தும் எங்கள் வீடுகளில் அதே வெட்கம்தான் நிற்கிறது.

அடுத்தது மின்சாரம். கிரஹம் பெல்லின் தாயாரும் மனைவியும் காது கேளாதவர்கள். அவர் 1876இல் காப்புரிமை பெற்ற தொலைபேசியின் வழியில்தான் மின்சாரக் காது மெசினும் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் கார்பன் ஒலிவாங்கி கொண்ட கருவியைச் செய்தார். பிரித்தானிய அரசி அலெக்சாண்ட்ராவும் அதைப் பாவித்தார். ஆனால் கார்பன் கருவிகளில் இரைச்சல் அதிகம். நடுத்தர அளவு குறைபாட்டுக்கு உதவின, அதற்கு மேல் போனவர்களுக்கு உதவவில்லை.

1920களில் வால்வு வந்தது. பழைய ரேடியோக்களுக்குள் கண்ணாடிக் குமிழ் போல இருக்குமே, அதேதான். சத்தத்தைப் பலமாகக் கூட்டித் தந்தது. ஆனால் அதற்கு இரண்டு விதமான பெட்டரிகள் வேண்டும். 1948இல் பிரித்தானியா தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது 'மெட்ரெஸ்கோ' என்ற வால்வுக் கருவியை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஏழைகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் ஒலிவாங்கி நெஞ்சில் இருந்ததால் முன்னால் பேசுபவரின் குரலோடு சட்டை உரசும் சத்தமும் சேர்ந்து காதுக்குப் போனது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகள் கடைகளுக்கு வந்து பல வருடங்கள் கடந்து, 1974இல்தான் அந்தச் சேவை அவற்றைக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை எத்தனையோ பேர் "வேலை செய்யும்" பெட்டியை நெஞ்சில் கட்டிக்கொண்டு சட்டையின் உரசலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. கிரஹம் பெல்லின் நினைவாக, காது மெசின் செய்பவர்களிடம் அதற்குக் காப்புரிமைப் பணம் வாங்கவில்லை. 1952 டிசம்பரில் 'சோனோடோன் 1010' வந்தது. அதில் இரண்டு வால்வு, ஒரு டிரான்சிஸ்டர். அடுத்த சில வருடங்களில் வால்வுக் கருவிகள் சந்தையை விட்டே போய்விட்டன. ஆனால் முதல் டிரான்சிஸ்டர் கருவிகளுக்கு ஒரு நோய் இருந்தது. உடம்பின் வியர்வையும் ஈரமும் பட்டுச் சீக்கிரம் பழுதாகின. எங்கள் நாட்டின் புழுக்கத்தில் வாழ்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இன்றைய கருவி எவ்வளவோ முன்னேறியிருந்தாலும் ஈரம் அதற்கு இன்னும் எதிரிதான்.

1996இல் முழு டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்தன. பழையவை பேச்சு, ஃபேன் சத்தம், கோப்பை உரசும் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டின. டிஜிட்டல் கருவியைக் கணினியோடு இணைத்து, உங்கள் காதின் பரிசோதனை வரைபடத்துக்கு ஏற்றபடி எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்டுவது என்று அமைக்கலாம். காது மாறினால் அமைப்பையும் மாற்றலாம்.

வயதோடு வரும் குறைபாடு பெரும்பாலும் உயர்ந்த சுருதிச் சத்தங்களில்தான் தொடங்கும். 'ஸ', 'ச', 'ஃப' போன்றவை முதலில் மங்கும். 'ஆ', 'ஓ' எல்லாம் நன்றாகக் கேட்கும். அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்குதில்ல" என்கிறார்கள். அது மெதுவாக வருவதால் பாவிப்பவருக்கே தெரியாது. "இப்ப எல்லாரும் வாய்க்குள்ளதான் பேசுறாங்க" என்று நினைப்பார். முதலில் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம்தான்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. அமைதியான இடத்தில் சமாளிப்பார், கல்யாண வீட்டிலும் பள்ளியிலும் தடுமாறுவார். குத்பாவில் ஓசை வரும், சொல் வராது.

2. சத்தத்தை ஆகக் கூடிய அளவில் வைத்தும் போதவில்லை.

3. அடிக்கடி விசில் அடிக்கிறது, அல்லது விட்டு விட்டுக் கேட்கிறது.

4. திருத்தக் கொடுத்து வாங்கிய ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பவும் பழுது, அல்லது உதிரிப்பாகம் கிடைப்பதில்லை.

5. வாங்கி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. பொதுவாக ஒரு கருவியின் ஆயுள் மூன்று முதல் ஏழு வருடம் என்பார்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலே புதியது வாங்கத்தான் வேண்டும் என்பதல்ல. காதில் குறும்பி அடைத்திருக்கலாம். பின்னால் மாட்டும் கருவியின் குழாய் இறுகியிருக்கலாம், அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்திருக்கலாம், அதுதான் பல நேரம் விசிலுக்குக் காரணம். டிஜிட்டல் கருவியானால் திரும்ப அமைத்தாலே போதுமாக இருக்கலாம். ஆகவே முதலில் வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போய்ப் புதிய பரிசோதனை எடுங்கள். அந்த வரைபடத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். காது கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டது என்றால்தான் மாற்றம். ஆனால் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மெசினைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

இன்னுமொன்று. வாப்பா மவுத்தானதும் அவருடைய மெசினை உம்மாவுக்கு மாட்டிவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அது வாப்பாவின் காதுக்கு அமைத்தது. ஒருவருடைய கண்ணாடி இன்னொருவருக்குப் பொருந்தாததைப் போலத்தான் இதுவும். இணையத்தில் மலிவாக விற்கும் வெறும் சத்தம் கூட்டும் பொருட்களும் அப்படித்தான்.

ஒரு மெசினின் விலை சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய சுமை என்பது தெரியும். மறுபக்கத்தையும் பாருங்கள். விளங்காத பேச்சுக்குத் தலையாட்டிக் களைத்த மனிதர் மெல்ல மெல்லப் பேச்சை விடுகிறார், பிறகு சபையை விடுகிறார். "மூத்தப்பாக்கு இப்ப கோவம் கூட" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்குகிறார்கள். லான்செட் ஆய்வுக் குழு 2020 அறிக்கையில், ஞாபகமறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகச் செவிப்புலன் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் சுமக்கக்கூடிய செலவு இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை வரும்போது சென்ட் போத்தலுக்கு முன் இதை யோசியுங்கள்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்க்காமல், பின்னால் நின்று, சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். பரிசோதனைக்குப் போவதா இல்லையா என்பதை அந்தப் பதில் சொல்லிவிடும்.

பயன்படும் என்று நினைத்தால் குடும்பக் குழுமங்களில் பகிருங்கள். எங்கள் பெரியவர்களின் செவிக்கும் பார்வைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.