நாணயம் கேட்கும் ஆட்டம்

டல்லஸ் நகரின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஊர் மெஸ்கீட். எங்கள் ரவுண்ட் ராக்கிலிருந்து ஐ-35 சாலையில் வடக்கே போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்று அமெரிக்கா நடத்திவரும் நீண்ட வழக்கில் இந்தச் சிறிய ஊரின் பெயர் இரண்டு முறை வருகிறது. முதலில், பிள்ளைகளை கேம் இயந்திரங்களிடமிருந்து விலக்கி வைக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஊராக. பிறகு, பெற்றோர்களை அதிகம் பயமுறுத்திய கேம்களில் ஒன்று பிறந்த ஊராக. இரண்டுக்கும் இடையே பதினோரு ஆண்டுகள்தான்.

முதல் கதை 1970களின் நடுவில் தொடங்குகிறது. மெஸ்கீட்டின் டவுன் ஈஸ்ட் மாலில் அலாடின்ஸ் காசில் என்ற நிறுவனம் ஓர் ஆர்கேட் திறக்க விரும்பியது. கால் டாலர் நாணயம் போட்டால் ஓடும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடம் அது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரோ காப்பாளரோ உடன் இல்லாமல் அத்தகைய இயந்திரங்களில் ஆடக் கூடாது என்று நகராட்சி விதி வைத்திருந்தது. உரிமம் கேட்பவருக்குக் குற்றவாளிகளுடன் தொடர்பு உண்டா என்று காவல்துறைத் தலைவர் விசாரிக்க வேண்டும் என்றும் விதி சொன்னது. நிறுவனம் வழக்குப் போட்டது. 1982இல் உச்ச நீதிமன்றம், காவல்துறை விசாரணை பற்றிய பகுதியில் குறையில்லை என்றது. வயது வரம்பு பற்றிய கேள்வியை, டெக்சஸ் மாநில அரசியலமைப்பையும் பார்த்துத் தெளிவுபடுத்துமாறு கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

தீர்ப்பைவிட நகராட்சி சொன்ன காரணங்கள்தான் இன்று படிக்கச் சுவையானவை. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவார்கள். சூதாட்டத்துக்கும் போதைப் பொருளுக்கும் ஆள் பிடிப்பவர்களோடு பழகுவார்கள். திரையில் என்ன தெரிகிறது என்பது அந்த வாதத்தில் இல்லவே இல்லை. இடம், நேரம், நாணயம், கூடாத சகவாசம் ஆகியவைதான் கவலை. தமிழ்நாட்டில் 90களில் வீடியோ கேம் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியவர்களுக்கு இந்தக் கவலை அந்நியமானதல்ல. அப்பாவின் காதுக்குப் போன புகார் “என்ன ஆடினான்” என்பதல்ல, “எங்கே நின்றான்” என்பதுதான்.

இரண்டாவது கதை 1993 டிசம்பரில் நடக்கிறது. அதற்குள் கேம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடாத இடம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. எனவே பயம் திரைக்கு இடம் மாறியது. டிசம்பர் 9 அன்று வாஷிங்டனில் செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை நடத்தினார்கள். ‘மார்ட்டல் காம்பேட்’, ‘நைட் டிராப்’ ஆகியவற்றின் காட்சிகள் அங்கே விவாதத்துக்கு வந்தன. மறுநாள், டிசம்பர் 10 அன்று, அதே மெஸ்கீட்டில் அதே டவுன் ஈஸ்ட் வட்டாரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்து இயங்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ கேமை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணினி வழியாக வெளியிட்டது. முதல் பகுதி இலவசம். மீதி வேண்டுமென்றால் பணம் அனுப்ப வேண்டும். துப்பாக்கி முனை மட்டும் திரையின் அடியில் தெரிய, ஆடுபவரின் கண்ணே கேமின் கண்ணாக இருந்தது.

செனட் விசாரணையின் விளைவாக 1994இல் கேம் துறை தானே ஈஎஸ்ஆர்பி என்ற தர அமைப்பை உருவாக்கியது. இன்று ஒவ்வொரு கேம் பெட்டியின் மூலையிலும் இருக்கும் அந்த ஆங்கில எழுத்து அப்படி வந்ததுதான். 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கொன்ற மாணவர்கள் இருவரும் ‘டூம்’ ஆடியவர்கள் என்று தெரிந்ததும் பழைய வாதம் பெரும் கோபத்தோடு திரும்பி வந்தது. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2005இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது.

நீதிபதி ஸ்கலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. புத்தகம், நாடகம், சினிமாவைப் போல வீடியோ கேமும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியது. குழந்தைகளுக்குச் சொல்லும் கிரிம் சகோதரர்களின் கதைகளிலும் ரத்தம் உண்டு. இரண்டாவது, கேம் ஆடுவதால் வன்முறை பிறக்கிறது என்று கலிஃபோர்னியா காட்டிய ஆய்வுகள் தொடர்பைக் காட்டினவே தவிர காரணத்தை நிரூபிக்கவில்லை. 2020இல் அமெரிக்க உளவியல் சங்கமும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தது: வன்முறை கேமுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற ஆவேசத்துக்கும் சிறு தொடர்பு உண்டு, கொலை போன்ற வன்செயலை கேமின் தலையில் கட்டப் போதிய சான்று இல்லை. மறுபக்கத்தின் நிலையும் இதுதான். ஆக்‌ஷன் கேம் ஆடுபவர்களின் பார்வைக் கவனம் கூர்மையாகிறது என்று ஷான் கிரீனும் டாஃப்னே பவெலியரும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அது கண்ணும் கவனமும் பற்றிய கண்டுபிடிப்பு. கேம் ஆடினால் பையன் கணக்கில் கெட்டிக்காரன் ஆவான் என்று அது சொல்லவில்லை.

2011 தீர்ப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நீதிபதி அலிட்டோ தனியாக எழுதிய பகுதி. சட்டத்தை ரத்து செய்வதில் உடன்பட்டார். ஆனால் கேமும் புத்தகமும் ஒன்று என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம் என்று எச்சரித்தார். புத்தகத்தில் கொலையைப் படிக்கிறோம். கேமில் ஆடுபவரே பொத்தானை அழுத்துகிறார். இந்த வேறுபாட்டை அவர் ஆபத்தாகப் பார்த்தார். ஆனால் கேமின் பலமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கான சாட்சியையும் டெக்சஸே தருகிறது.

ரிச்சர்ட் கேரியட் ஹூஸ்டன் அருகே வளர்ந்தவர். விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகன். 1983இல் குடும்பத்தாரோடு சேர்ந்து அவர் தொடங்கிய ஆரிஜின் சிஸ்டம்ஸ் பின்னர் ஆஸ்டினில் நிலைத்தது. அவருடைய ‘அல்டிமா’ கேம்களின் மூன்றாம் பாகத்தின் அட்டையில் ஒரு பேயின் படம் இருந்தது. பிள்ளைகளைக் கெடுக்கும் சாத்தானின் ஆள் என்று பழித்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவரது பதில் 1985இல் வந்த நான்காம் பாகம். அதில் கொன்று முடிக்க வேண்டிய பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு குணங்களில் தேற வேண்டும். தேறியவர்க்குக் கிடைக்கும் பட்டம் ‘அவதார்’. நம் அவதாரம் என்ற சொல் கணினித் திரைக்குள் நுழைந்த ஆரம்பப் பாதைகளில் இது ஒன்று.

அந்த கேமில் மூலிகை விற்கும் பெண் ஒருத்தி பார்வையற்றவள். எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை ஆடுபவரே சொல்லலாம். குறைத்துக் கொடுத்தால் அவள் தடுக்க மாட்டாள். அப்போது ஒன்றும் நடக்காது. ஆனால் கேம் கணக்கு வைத்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்து, நேர்மையில் தேறவில்லை என்று தெரியவரும். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கும் மொழிக்காரர்களுக்கு இந்தச் சோதனையை விளக்கத் தேவையில்லை.

வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் விரிக்கும் பரமபதமும் அறம் சொல்லும் ஆட்டம்தான். ஏணியின் அடியில் நற்குணம், பாம்பின் தலையில் தீக்குணம். ஆனால் அங்கே ஏறுவதும் சறுக்குவதும் தாயக்கட்டையின் கையில் இருக்கிறது. நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. ‘அல்டிமா’வில் சறுக்கியவர் தன் கையால் சறுக்கினார். கதை கேட்டு அறிவது ஒரு வகை; செய்துவிட்டு வெட்கப்படுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் கேமின் தனி பலம்.

இந்த பலம் தமிழிலும் தெரிந்துவிட்டது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. எது முதலில், எது பிறகு என்று ஊகித்து இட்லியை ஆடுபவர்தான் வேகவைக்க வேண்டும். இழந்த மொழியைப் பற்றி ஒரு சிறுகதையில் படித்து வருந்தலாம். இங்கே ஒரு குறிப்பைப் படிக்க முடியாமல் தடுமாறுவது நம் கை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக கேம் விருதை இதற்குக் கொடுத்தது.

பலவீனத்தையும் இதே இடத்தில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம். திரையில் என்ன தெரிகிறது என்பதோடு, ஆடுபவரின் கையை கேம் என்ன செய்ய வைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ கேமின் நிறுவனமான எபிக் கேம்ஸ், அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 27.5 கோடி குழந்தைகளின் தனியுரிமை விதியை மீறியதற்கான அபராதம். 24.5 கோடி, தவறுதலாகப் பொருள் வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. பொத்தான்கள் குழப்பமாக அமைந்திருந்ததால், உறங்கும் கேமை எழுப்ப அழுத்தினாலும் பணம் போனது என்றது ஆணையம். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களுக்குத் தெரியும்: ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது யாரோ கூடிப் பேசி எடுக்கும் முடிவு.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி உயிர் விலையில் வந்தது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டி 2022இல் தடைச் சட்டம் வந்தது. அதை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்ய முடியாது, ஆனால் நேரத்தையும் வயதையும் ஒழுங்குபடுத்தலாம் என்றது. திறமையா அதிர்ஷ்டமா என்பது சட்டத்துக்கு வேண்டிய கேள்வி. வள்ளுவர் சூதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தபோது, ஆட்டத்தின் வகையைவிட ஆடுகிறவனுக்கு என்ன ஆகிறது என்பதையே பார்த்திருக்கிறார்.

மெஸ்கீட் நகராட்சியின் விதி பரந்தது, முரட்டுத்தனமானது. அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அதன் கேள்வி அடுத்து வந்த செனட்டின் கேள்வியைவிட நுட்பமானது: யார் நாணயம் வாங்குகிறார்கள், பிள்ளை எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறான்? ஆர்கேட் இயந்திரத்தில் நாணயத் துளை கண்ணுக்குத் தெரிந்தது. பையில் சில்லறை தீர்ந்தால் வீட்டுக்கு வந்தாக வேண்டும். இன்று துளை கடன் அட்டை எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, சில்லறை தீர்வதும் இல்லை.

ஈஎஸ்ஆர்பி 2018இல் ‘கேமுக்குள் வாங்கும் வசதி உண்டு’ என்ற வரியையும், 2020இல் ‘எது கிடைக்கும் என்று தெரியாத பொருள்களும் அடக்கம்’ என்ற வரியையும் சேர்த்தது. ஆஸ்டினோ ரவுண்ட் ராக்கோ, பிறந்தநாள் பரிசு வாங்கக் கடைக்குப் போகும் பெற்றோர் பெட்டி மூலையில் உள்ள பெரிய எழுத்தைப் பார்க்கிறார்கள். அது 1993இன் பயத்துக்குக் கிடைத்த பதில். 1982இன் கேள்விக்கான பதில் அதே தர முத்திரையில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அதை முதலில் படியுங்கள்.