தமிழ்நாட்டுக்கு இரண்டு பிறந்தநாள்!

நவம்பர் 1 வந்துவிட்டால் கேரளாவில் 'கேரளப் பிறவி', கர்நாடகாவில் 'ராஜ்யோத்சவா' என்று ஊரே களைகட்டும். 1956-ல் அதே நாளில்தான் இன்றைய தமிழ்நாட்டின் எல்லைகளும் பெரும்பாலும் வகுக்கப்பட்டன. ஆனால் தமிழ்நாடு நாள் கொண்டாடப்படுவதோ ஜூலை 18-ல்! ஏன் இந்த வித்தியாசம்?

விடையைத் திண்டுக்கல்லில் இருந்தே தேடத் தொடங்கலாம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்த பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று, மலபாரும் ஒன்று. பிற்பாடு இரண்டுமே சென்னை மாகாணத்தில் சேர்ந்தன. இங்கே தமிழ், அங்கே மலையாளம் என்று யாரும் பார்க்கவில்லை. போரில் கிடைத்த நிலம், ஆள்வதற்கு வசதியாக ஒரு மாகாணம், அவ்வளவுதான்.

அதனால் 1956 அக்டோபர் 31 வரை திண்டுக்கல்லில் ரயில் ஏறி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டில் போய் இறங்கினாலும் அதுவும் சென்னை மாநிலமே. மறுநாள் காலை அது கேரளா!

இந்த மாற்றம் சும்மா வரவில்லை. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ல் சென்னையில் உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிறந்தது. அதன்பின் பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது.

1956-ல் மலபாரும் தென் கன்னடமும் சென்னையை விட்டுப் போயின. நேசமணி தலைமையிலான போராட்டத்தின் பலனாகக் கன்னியாகுமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் வந்தன. கேட்டும் கிடைக்காதவை தேவிகுளம், பீர்மேடு. அங்கிருந்த தமிழர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த தோட்டத் தொழிலாளர்கள், நிலையான குடிகள் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் வாதம். கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கம்தான் தேவிகுளம். முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேட்டில். அந்த அணைத் தண்ணீர்தான் வைகையில் கலந்து, நிலக்கோட்டை அருகே பேரணையில் கால்வாயாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் இங்கே, அணை அங்கே!

கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் நவம்பர் 1 என்பது சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றுசேர்ந்த நாள். சென்னைக்கோ பெரும்பாலும் மற்றவர்கள் பிரிந்துபோன பின் மிஞ்சியதைக் கணக்குப் பார்த்த நாள். பெயரும் மாறவில்லை. 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரி 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார் அக்டோபர் 13-ல் இறந்தே போனார். மாநிலம் 'மெட்ராஸ்' ஆகவே தொடர்ந்தது.

அண்ணா முதல்வரான பிறகு 1967 ஜூலை 18-ல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14-ல் நடைமுறைக்கு வந்தது.

2019-ல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021-ல் தி.மு.க. அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றியது. ஒன்று உடம்பு பிறந்த நாள், மற்றது பெயர் சூட்டிய நாள்.

பெயர் சூட்டிய நாளைக் கொண்டாடுவதில் தவறே இல்லை. ஆனால் நவம்பர் 1-ஐ மறந்துவிட்டால் எல்லைக்காகப் போராடியவர்களும் மறந்துபோவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நின்றுபோன தமிழர்களும் மறந்துபோவார்கள். கொண்டாட ஒரு நாள், நினைத்துப் பார்க்க ஒரு நாள் என்று இரண்டும் இருக்கட்டுமே!